துறையின் குறுக்கே

மிஸ்கோ ஏரி
1984 ஆகஸ்ட் 19, ஞாயிறு

ஆர்வோ,

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக டிராக்டரை ஓட்டிக்கொண்டுபோய் நம் இறங்குதுறையின் குறுக்கே நிறுத்தினேன். படகு இறக்கும் கான்கிரீட் சரிவை முழுவதும் அடைத்துக்கொண்டு நிற்கிறது. பிறகு பேட்டரியைக் கழற்றிக் கொண்டுவந்து ஒளித்து வைத்தேன். எங்கே என்று உனக்குச் சொல்லமாட்டேன். அதற்கப்புறம்தான் காபி போட்டேன்.

ஏன் என்று கேட்காதே. உனக்குத் தெரியும். எனக்குத்தான் நேற்று சாயங்காலம் வரை தெரியாமல் இருந்தது.

எதிர்க்கரை லைல் தோர்சன் வந்தார். ஏரிச் சங்கத் தலைவர் என்கிற பெருமையைத் தொப்பி மாதிரி தலையில் வைத்துக்கொண்டு, படியேறும்போதே பேச ஆரம்பித்துவிட்டார்.

"ஹெல்மி, செப்டம்பர்ல லாரி வருது. உங்க துறைக்குப் பக்கத்துல நிக்கற பிர்ச் மரத்தை வெட்டிடணும். லாரி திரும்ப எடம் பத்தாது."

"என்ன லாரி?"

"ஏரியில விட மீன் குஞ்சு கொண்டுவர லாரி. கண்ணாடிக்கண் மீன். உன் தம்பி சொல்லலியா?"

"என் தம்பி மார்ச் மாசத்துல இருந்து கப்பல்ல இருக்கான்."

"கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கானே. ஜூலையில கப்பல் டுலூத் வந்தப்ப நானே போய் வாங்கிட்டு வந்தேன். தங்கமான பையன். காபி கூட வாங்கிக் குடுத்தான்."

எனக்கு வந்த கோபத்தில் பாதி அந்தக் காபிக்கு. டுலூத் வரை வந்தவன் ஒன்றரை மணி நேரத் தூரத்தில் இருக்கும் வீட்டுக்கு வரவில்லை. அக்காவுக்குப் போன் செய்யவில்லை. ஆனால் தோர்சனுக்குக் காபி.

அப்பா இந்த ரிசார்ட்டை நம் இருவர் பேரிலும் எழுதினார். ஏரிக்கு லாரி வர வேறு வழி கிடையாது. நம் நிலத்தின் வழியாக, நம் துறைக்குத்தான் வர வேண்டும். அந்தத் துறையை நீ தனியாக ஒருவருக்குத் திறந்துவிட்டிருக்கிறாய். அதுவும் இந்த ஏரியில் என்றைக்குமே இல்லாத ஒரு மீனுக்கு. கண்ணாடிக்கண் எதைத் தின்று வளரும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டுமா? முன்னால் எது நீந்துகிறதோ அதை. இங்கே முன்னால் நீந்துவது ட்ரவுட் மீன் குஞ்சு.

போனில் பேசினால் நீ சிரித்தே மழுப்பிவிடுவாய். காகிதத்தில் சிரிக்க முடியாது. எழுது.

ஹெல்மி

*

ஹூரன் ஏரியில், கப்பலிலிருந்து
ஆகஸ்ட் 27

அக்கா,

டிராக்டரை எடு.

உன் கடிதம் டெட்ராய்ட் ஆற்றில் தபால் படகில் வந்து சேர்ந்தது. கயிற்றில் கட்டிய வாளியில் கப்பலுக்கு மேலே இழுக்கும்போதே அது சூடாக இருந்தது. எங்கள் சமையல்காரர் எர்வினுக்குப் படித்துக் காட்டினேன். "உங்க அக்காவை நம்ம கப்பலுக்கு நங்கூரமா போட்டா நவம்பர் புயல் கூட அசைக்காதுடா" என்றார். பார், காகிதத்திலும் சிரிக்க முடிகிறது.

இனி சிரிக்காமல் சொல்கிறேன். அரசாங்கத்து லாரி ட்ரவுட் குஞ்சு கொண்டுவந்து விடுவதை நிறுத்தி எட்டு வருடம் ஆகிறது. அன்றிலிருந்து நம் கேபின்கள் ஒவ்வொன்றாகக் காலியாகிக்கொண்டு வருகின்றன. இது உனக்கும் தெரியும். ஜூலை பிறந்தால் ட்ரவுட் ஆழத்துக்குப் போய்விடுகிறது. அயோவாவிலிருந்து ஒரு பகல் முழுக்க வண்டி ஓட்டிக்கொண்டு வருகிறவனுக்கு ஆழத்தைப் பற்றிப் பாடம் வேண்டாம், மாலையில் வறுக்க மீன் வேண்டும். கண்ணாடிக்கண் கரையோரம் வரும். எவனும் பிடிக்கலாம். வருடா வருடம் கேபினுக்கு வரும் உன் ப்ருன்னர் கூடப் பிடிக்கலாம், அவர்தான் தூண்டிலை விடத் தொப்பியை அதிகம் தண்ணீரில் போடுகிறவர்.

சங்கத்துக்காரர்கள் முறையாக அனுமதி வாங்கியிருக்கிறார்கள். ஒரே ஒரு லாரி. உலகம் முடிந்துவிடாது.

உன்னிடம் கேட்டிருந்தால் மாட்டேன் என்றிருப்பாய். அதனால்தான் கேட்கவில்லை. அது சரியில்லை என்று தெரிந்தேதான் கையெழுத்துப் போட்டேன். அன்று வீட்டுக்கு வராததும் அதனால்தான். உன் எதிரே உட்கார்ந்து உன் ரொட்டியைத் தின்றுகொண்டு மறைக்க என்னால் ஆகாது.

எனக்கும் ஒரு காரணம் இருக்கிறது. எழுத வரவில்லை.

ஆர்வோ

*

மிஸ்கோ ஏரி
செப்டம்பர் 3

ஆர்வோ,

டிராக்டர் அங்கேயேதான் நிற்கிறது. ஒரு வாத்து அதன் நிழலில் குடியேறிவிட்டது. இப்போது எடுத்தால் வாத்துக்கும் நான் பதில் சொல்ல வேண்டும்.

உனக்குத் தெரிந்த ஒன்றையே எழுதப்போகிறேன், கோபித்துக்கொள்ளாதே. வரிசையாகச் சொல்லிப் பார்த்தால்தான் எனக்கே நம்பிக்கை வருகிறது. மீன் பண்ணையில் ட்ரவுட் குஞ்சை லாரியில் ஏற்றும் முன் அதன் முதுகில், வாலுக்குச் சற்று முன்னால் இருக்கும் சின்னச் சதைத் துடுப்பைக் கத்தரித்துவிடுவார்கள். அது திரும்ப முளைக்காது. பிறகு எப்போது பிடித்தாலும் லாரி மீனா, ஏரியிலேயே பிறந்த மீனா என்று சொல்லிவிடலாம். இந்த ஏரிக்கரையில் இது தெரியாதவர்கள் இல்லை. ஆனால் பார்த்தவர்களும் இல்லை.

ஏன் என்று யோசித்தேன். நம் கை பழகிய பழக்கம்தான். மீன் ஆயும் கொட்டகையில் நாம் என்ன செய்கிறோம்? செவுளுக்குப் பின்னால் ஒரு வெட்டு, முதுகெலும்பை ஒட்டி ஒரு இழுப்பு, இரண்டு பக்கத்துச் சதையும் தட்டுக்கு. மிச்சமெல்லாம் வாளிக்கு. வாளி, கடற்காகங்கள் காத்திருக்கும் பாறைக்கு. அந்தத் துடுப்பு எப்போதும் வாளியோடு போயிருக்கிறது. 'லாரி நின்றது, மீன் தீர்ந்தது. கிடைக்கிற ஒன்றிரண்டும் பழைய லாரி மீன்' என்று வாய் ஒரு பக்கம் சொல்லிக்கொண்டே இருக்க, கை இன்னொரு பக்கம் பதிலைக் காக்கைக்குப் போட்டுக்கொண்டிருந்தது. நீ, நான், தோர்சன், எல்லோரும்தான்.

இந்தக் கோடை முழுவதும் நான் பார்த்தேன். யாரும் கத்தியை எடுக்கும் முன் மீனைத் திருப்பிப் பார்த்தேன். ப்ருன்னர் என்னைக் கேலி செய்யாத நாள் கிடையாது.

"என்ன ஹெல்மி, மீனுக்கு ஜோசியம் பாக்கறியா?"

"வாலுக்கு முன்னால துடுப்பு இருக்கான்னு பாக்கறேன்."

"இருந்தா?"

"இந்த ஏரியிலயே பொறந்தது."

"இல்லன்னா?"

"லாரியில வந்தது. உங்களை மாதிரி வெளியூரு."

"இவரை எந்த லாரிக்காரன் ஏத்துவான்? நானே முன்சீட்டுல கஷ்டப்பட்டு ஏத்திக்கிட்டு வரேன்" என்றாள் அவர் மனைவி.

ஆர்வோ, கிழட்டு மீன்களில்தான் துடுப்பு இல்லை. இளசுகளில் கிட்டத்தட்ட எல்லாவற்றிலும் இருக்கிறது. லாரி நின்ற பிறகு ஏரி தானாகவே பெற்றெடுக்க ஆரம்பித்திருக்கிறது. நாம் பார்க்கவில்லை, அவ்வளவுதான். இந்த நேரத்தில் கரையெல்லாம் கண்ணாடிக்கண்ணை விட்டால் அந்த இளசுகளின் தலைமுறை ஒன்றுகூட நிலைக்காது.

தோர்சனைக் கொட்டகைக்கே கூட்டிக்கொண்டுபோய்க் காட்டினேன். கண்ணாடியை மாட்டிப் பார்த்தார்.

"ஒரு துணுக்குச் சதையைக் காட்டி சங்கத்தையே நிறுத்தப் பாக்கறியா? பண்ணையில எவனாவது கத்தரிக்க மறந்திருப்பான்."

"எட்டு வருஷமா வராத லாரியிலயா மறந்தான்?"

"நீ எப்பவும் டீச்சர்தான் ஹெல்மி. வேலையை விட்டாலும் விடமாட்டே."

அது பாராட்டு இல்லை. அடுத்த நாள் கடையில் ரொட்டி வாங்கப் போனபோது இரண்டு பேர் பேச்சை நிறுத்தினார்கள். கரையில் வீடு வைத்திருப்பவர்களில் முக்கால்வாசிப் பேர் அவர் பக்கம். நான் தப்பாக இருக்கக்கூடும் என்று எனக்கும் தோன்றுகிறது. ஒரு கோடையில் ஒரு கொட்டகையில் ஒருத்தி பார்த்தது எவ்வளவு பெரிய சாட்சி? தூங்கப் போகும்போது தோன்றுகிறது. காலையில் மறுபடி ஒரு மீனைத் திருப்பிப் பார்க்கிறேன், துடுப்பு இருக்கிறது, சந்தேகம் போய்விடுகிறது.

உன் காரணத்தை எழுது. எழுத வராவிட்டாலும் எழுது.

ஹெல்மி

*

சூப்பீரியர் ஏரியில்
செப்டம்பர் 9

அக்கா,

சரி, எழுதுகிறேன்.

என் வலது முழங்கால் போய்விட்டது. ஏப்ரலிலேயே. கப்பலின் பக்கவாட்டு ஏணியில் இறங்கித் துறைமுக மேடைக்குத் தாவும்போது ஏதோ அறுந்த மாதிரி ஒரு சத்தம். கேப்டனுக்குத் தெரியாது. எர்வினுக்குத் தெரியும், சமையலறை உறைபெட்டியிலிருந்து ஐஸ் தருகிறார். "உன் காலை விட என் பன்றிக்கறி நல்லா இருக்கு" என்கிறார். இந்த சீசனை இழுத்து முடிப்பேன். அடுத்த மார்ச்சில் ஏறமாட்டேன்.

நாற்பத்தொரு வயதாகிறது. உனக்கு ஒரு ஏரி. எனக்கு ஐந்து ஏரி, ஒன்றிலும் வீடு கிடையாது. நான் வீட்டுக்கு வர வேண்டும். விருந்தாளியாக வந்து உன் சோபாவில் பிப்ரவரி முழுக்கப் படுத்துக் கிடக்க அல்ல. வேலை செய்ய. கேபினுக்குக் கூரை போடுவேன், மோட்டார் பழுது பார்ப்பேன், அயோவாக்காரர்களுடன் பீர் குடித்துக் கதை சொல்வேன், அதில் நீ சுழியம் என்று உனக்கே தெரியும்.

ஆனால் இப்போது இருக்கிற நிலையில் ரிசார்ட் ஒரு ஆளுக்குத்தான் சோறு போடும். அந்த ஆள் நீ. இரண்டு ஆளுக்குப் போட வேண்டுமென்றால் எல்லாக் கேபினும் எல்லா வாரமும் நிரம்ப வேண்டும். தோர்சன் என்னிடம் சொன்னது அதுதான்: "கண்ணாடிக்கண் வந்தா ரூம் கேட்டு வரிசையில நிப்பாங்கடா." எனக்கு மீனைப் பற்றி அக்கறை இல்லை. வரிசையைப் பற்றித்தான்.

உன் துடுப்புச் சமாசாரத்தை இரண்டு தடவை படித்தேன். நீ சொல்வது சரியாகவே இருக்கலாம். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். நீ சரியாக இருப்பதற்கு நான் ஏன் கப்பலில் கிடக்க வேண்டும்?

வெள்ளிக்கிழமை டூ ஹார்பர்ஸ் துறைமுகத்தில் இரும்புத்தாது ஏற்றுகிறோம். ஒரு பகல் கிடைக்கும். அன்றைக்குத்தான் லாரியும் வருகிறது. பேட்டரியை நீ எங்கே வேண்டுமானாலும் வைத்துக்கொள். நான் புதிதாக ஒன்று வாங்கி வருகிறேன்.

ஆர்வோ

*

ஈரி ஏரியில்
செப்டம்பர் 20

அக்கா,

நீ எழுதமாட்டாய் என்று தெரியும். ஆகவே நான் எழுதுகிறேன்.

அந்த வெள்ளிக்கிழமை நான் பேட்டரியை மாட்டி டிராக்டரைத் துறையிலிருந்து எடுத்தபோது நீ சமையலறை ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாய். வெளியே வரவில்லை. தோற்றுவிட்டாய் என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால் எனக்கு ஒரு மாதிரி ஏமாற்றமாகக்கூட இருந்தது.

அப்புறம் லாரி பின்பக்கமாக வந்தது. நீ கதவைத் திறந்து, செருப்புக்காலோடு, நேராக எங்களைத் தாண்டிச் சரிவில் இறங்கி, இடுப்பளவு தண்ணீரில் போய்த் திரும்பி நின்றாய். டீச்சர் வகுப்புக்குள் நுழைந்த மாதிரி இருந்தது. நான் உட்பட எல்லோரும் வாயை மூடிக்கொண்டோம்.

லாரிக்காரன் டுவேன் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி வந்தான். தோர்சன் அவனைப் பார்த்து, "நீ பாட்டுக்கு பின்னால போப்பா, தானா வெலகுவா" என்றார். "சார், எனக்கு சம்பளம் மீனை தண்ணியில விடத்தான். பொம்பளை மேல வண்டி விட இல்ல" என்று சொல்லி லாரிப் படிமேல் உட்கார்ந்து ரொட்டிப் பொட்டலத்தைப் பிரித்துவிட்டான். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அப்போது வரவில்லை.

"ஹெல்மி, வெளிய வா. நிமோனியா வந்துடும்" என்று தோர்சன் கத்தினார்.

"வரட்டும். நீங்கதான் ஆயுசு பூரா இன்சூரன்ஸ் வித்தீங்களே" என்றாய்.

அவர் என் பக்கம் திரும்பி, "உங்க அக்காதானே, போய்த் தூக்கிட்டு வா" என்றார். முடிந்திருக்கும். முழங்கால் இப்படி இருந்தாலும் முடிந்திருக்கும். நான் நகரவில்லை. ஏன் என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

பிறகு டுவேன் தொட்டிக்குள் வெப்பமானியை விட்டுப் பார்த்துவிட்டு உன்னிடம் வந்தான். "மேடம், ஐஸ் கரைஞ்சிடுச்சு. தொட்டி சூடாகுது. இன்னும் கொஞ்ச நேரம் போனா நான் கொண்டு வந்தது குஞ்சு இல்ல, சூப்பு." அப்போது உன் முகத்தைப் பார்த்தேன், அக்கா. நீ இறங்கி வந்துவிடுவாய் என்று நினைத்தேன். நீ கேட்டது ஒன்றுதான்: "உங்க அனுமதியில வேற ஏரி இருக்கா?" தெற்கே ஒன்று இருக்கிறது என்றான். "அப்ப பேசிக்கிட்டு நிக்காதீங்க, கெளம்புங்க."

கிளம்பினான். தோர்சன் எனக்கு எழுதியிருக்கிறார்: அங்கே போய்ச் சேர்வதற்குள் பாதிக்கு மேல் செத்துவிட்டதாம். கரையெல்லாம் வெள்ளை வயிறாம்.

நீ மீனுக்காக நின்றாய். செத்தது மீன். இதை எந்தப் பாடப் புத்தகத்தில் சேர்ப்பாய்?

மே மாதம், பனிக்கட்டி உருகியதும், மறுபடி லாரி வருகிறது. பணம் சேர்த்துவிட்டார்கள். அப்போது நான் ஒருநாள் விருந்தாளி இல்லை, வீட்டில் இருப்பேன். துறையில் பாதி என்னுடையது. எந்தப் பாதியில் நிற்பாய்?

ஆர்வோ

*

மிஸ்கோ ஏரி
அக்டோபர் 14, ஞாயிறு

ஆர்வோ,

மூன்று வாரமாக இந்தக் கடிதத்தை எழுதிக்கொண்டிருக்கிறேன். முதலில் எழுதியதில் உன்னைத் திட்டியிருந்தேன், அடுப்பில் போட்டேன். இரண்டாவதில் என்னைத் திட்டியிருந்தேன். அதையும் போட்டேன். இது மூன்றாவது.

செத்த மீன்களைப் பற்றி முதலில். போன வாரம் டுவேன் வந்தான். லாரியில் இல்லை, தன் சொந்த வண்டியில், தூண்டிலோடு. ஒரு கேபின் கேட்டான். கொடுத்தேன். மீன் மொயக்காக் குழம்பு வைத்திருந்தேன், உருளைக்கிழங்கு போட்டு, பால் நிறைய ஊற்றி, நீ கேட்கிற மாதிரி. சாப்பிட்டுக்கொண்டிருந்தவனிடம் நேராகவே கேட்டேன்.

"பாதி செத்துச்சாமே?"

"யாரு சொன்னது? தோர்சன் சாரா? அவரு அங்க வரவே இல்லையே மேடம். கொஞ்சம் செத்துச்சு. எங்க கொண்டு போனாலும் கொஞ்சம் சாகும்."

"எப்பவும் சாகறதை விட அதிகமா?"

கரண்டியைக் கீழே வைத்தான். "ஆமா. கொஞ்சம் அதிகம்தான்."

நல்ல பையன், பொய் சொல்லத் தெரியவில்லை. அந்தக் 'கொஞ்சம் அதிகம்' என்னுடையது. வேறு யார் கணக்கிலும் எழுத மாட்டேன். தொட்டி சூடாகிறது என்று அவன் சொன்னபோது நான் என்ன நினைத்தேன் என்று உனக்குத் தெரிய வேண்டுமா? வெளியே வந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். கால் நகர்ந்தது. அப்போது நீயும் தோர்சனும் ஒரே நேரத்தில் ஒரு அடி முன்னால் வந்தீர்கள். நான் மறுபடி ஊன்றிக்கொண்டேன்.

அதனால் என்னையே கேட்டுப் பார்த்தேன்: நான் நின்றது ஏரிக்காகவா, என்னைக் கேட்காமல் போனதற்காகவா? எனக்கு மீன் மேல் பாசம் என்று யாரும் சொல்ல முடியாது. வருடம் முழுக்க அதை வெட்டி வறுத்துத் தின்கிறவள் நான். கோபம் நிறைய இருந்தது. அந்தக் கோபத்தைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு மிச்சம் ஏதாவது இருக்கிறதா என்று பார்க்க வேண்டியிருந்தது. நீ கேட்காமல் செய்தது, அந்தக் காபி, 'டீச்சர்' என்ற கேலி, எல்லாவற்றையும் எடுத்து வைத்தேன். அப்புறமும் 'மாட்டேன்' என்பது அப்படியே இருந்தது. கொஞ்சம் சின்னதாக, ஆனால் கெட்டியாக.

வியாழக்கிழமை பொழுது சாயும்போது படகை எடுத்துக்கொண்டு தெற்கு முனையின் கல்திட்டுக்குப் போனேன். காற்று இல்லை. ட்ரவுட் மேலே வந்திருந்தன. முட்டையிடும் காலம். கற்களுக்கு மேல் ஒன்றையொன்று உரசிக்கொண்டு, அவ்வப்போது முதுகு தண்ணீருக்கு வெளியே தெரிய. அந்த வெளிச்சத்தில் துடுப்பெல்லாம் தெரியாது, நான் பார்க்கவும் இல்லை. எந்த லாரியும் கொண்டுவந்து விடாமல், யாரும் அனுமதி எழுதித் தராமல் ஒரு வேலை நடந்துகொண்டிருந்தது. அதில் எனக்கு ஒரு பங்கும் கிடையாது. அது எனக்குப் பிடித்திருந்தது.

அடுத்து, உன் முழங்கால். அன்று நான் ஜன்னலில் நின்றது தோற்றுப்போய் அல்ல. நீ டிராக்டரில் ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இடது காலை வைத்து, வலது காலைக் கையால் தூக்கி உள்ளே போட்டாய். கடிதத்தில் படித்தபோது அது ஒரு சாக்கு என்று நினைத்திருந்தேன். மன்னித்துக்கொள். அந்தக் காலோடு நீ ஒரு நாள் கூடக் கூடுதலாகக் கப்பலில் இருக்கக் கூடாது. ஜனவரியில் வீட்டுக்கு வா. இது விருந்தாளிக்குச் சொல்வது அல்ல.

இந்த ரிசார்ட் ஒரு ஆளுக்குத்தான் சோறு போடும் என்றாய். நானும் கூட்டிக் கழித்துப் பார்த்துவிட்டேன், உண்மைதான். அந்த ஆள் நீயாக இரு. பெரிய வீடு, கேபின்கள், படகுகள், மோட்டார், சவுனா நீராவி அறை, அயோவாக்காரர்கள், எல்லாம் உன்னுடையது. ப்ருன்னரின் தொப்பியும் உன்னுடையது. நீ சொன்னது சரி, கதை சொல்வதில் நான் சுழியம். உன் வாய் இருந்தால் ட்ரவுட்டையே வைத்துக் கேபினை நிரப்பிவிடலாம் என்று நினைக்கிறேன். ஆழத்தில் பிடிக்கக் கற்றுக்கொடுப்பதற்கே வரிசையில் நிற்பார்கள், நீ கற்றுக்கொடுத்தால். நான் கற்றுக்கொடுத்தால் பரீட்சை வைத்துவிடுவேன்.

எனக்கு வேண்டியது ஒன்றுதான். இறங்குதுறையும், அதற்கு வரும் பாதையும். அந்த ஒரு துண்டு நிலம். பாதி அல்ல, முழுவதும், என் ஒருத்தி பேரில். உன் விருந்தினர்கள் எப்போது வேண்டுமானாலும் அதில் படகு இறக்கலாம். லாரி மட்டும் இறங்காது. மே மாதமும் இறங்காது, நான் உயிரோடு இருக்கும் எந்த மாதமும் இறங்காது.

டவுன் பள்ளிக்கூடத்தில் உயிரியல் டீச்சர் பிரசவத்துக்குப் போகிறாள், திரும்பி வரப்போவதில்லை. தலைமையாசிரியர் கோடையிலேயே என்னைக் கேட்டார், மாட்டேன் என்றேன். ஜனவரியிலிருந்து அந்த வேலைக்குப் போகப்போகிறேன். தீயணைப்பு நிலையத்துக்கு எதிரே மாடியில் ஓர் அறை வாடகைக்கு இருக்கிறது. ஜன்னலிலிருந்து ஏரி தெரியாது. ஒரு மளிகைக்கடையும் கொடிக்கம்பமும் தெரியும். போய்ப் பார்த்துவிட்டு வந்தேன், வேறு எதற்கோ டவுனுக்குப் போகிற மாதிரி.

துறை எனக்கு, மற்றதெல்லாம் உனக்கு என்று எழுதி இத்துடன் ஒரு தாள் வைத்திருக்கிறேன். யார் வந்து கேட்டாலும் கையெழுத்துப் போடுகிறவன் நீ, எனக்கும் ஒன்று போடு. காபி நான் வாங்கித் தருகிறேன். போடாவிட்டாலும் பரவாயில்லை. மே மாதம் மறுபடி தண்ணீரில் இறங்குவேன். செப்டம்பரில் சும்மா குளிர்தான். மேயில் அதில் ஐஸ் மிதக்கும். நீ முழங்காலோடு கரையில் நிற்பாய், நான் இடுப்பளவு நிற்பேன், தோர்சன் கத்துவார். யார் முதலில் வீட்டுக்குப் போகிறார்கள் என்று பார்த்துவிடலாம்.

நேற்று கடையில் தோர்சனைப் பார்த்தேன். "குளிர்காலத்துல யோசிச்சு வை ஹெல்மி" என்றார். யோசித்தாயிற்று என்று நாக்கு நுனி வரை வந்தது. முட்டை இருக்கிறதா என்று கடைக்காரியைக் கேட்டேன்.

தலைமையாசிரியரிடம் சொல்லவில்லை. வக்கீலிடம் சொல்லவில்லை. இந்தக் கடிதத்தைத் தவிர எதற்கும் இன்னும் தெரியாது. நாளை திங்கட்கிழமை, பள்ளிக்கூடம் எட்டு மணிக்குத் திறக்கும். தபால் படகு உன் வாளியில் இதைப் போடும்போது நான் சொல்ல வேண்டியவர்களிடமெல்லாம் சொல்லி முடித்திருப்பேன்.

ஹெல்மி